சிரிக்கத் தெரிந்த ஒற்றன்



தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலேறும் தமிழர்கள் கட்டுச்சோற்றை மறந்தாலும் மறப்பார்கள். வழியில் படிக்க ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ள மறப்பதில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்க யாரால் இயலும்? தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் பழைய புத்தகங்களைக் குவித்து விற்ற நாட்களில் (அந்தச் சந்தை 2019இல் அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்துவிட்டது) அத்தகைய பிரயாணம் ஒன்றுக்காக ஓர் ஆங்கில நாவலை வாங்கினோம். பெயர், 'தி கன் ஸெல்லர்'. துப்பாக்கி விற்பவன் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஆசிரியர் ஹ்யூ லாரி என்று அட்டையில் கண்டிருந்தது.

அந்தப் பெயரைக் கண்டதும் சற்றுத் தயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடிகர்கள் நூல் எழுதுவது புதிதன்று. ஆனால் அது பெரும்பாலும் சுயசரிதையாக இருக்கும். அதிலும் கணிசமான பகுதியைப் புகைப்படங்கள் அடைத்துக்கொள்ளும். நாவல் என்றால், முகத்தின் செல்வாக்கில் அச்சேறிய சரக்காக இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. விலை மலிவாயிருந்ததால் ஐயத்தைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

மறுநாள் காலை போபால் வருவதற்குள் இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சிரித்திருப்போம் போலும். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். கான்பூரில் படைக்கலத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவர் என்பது முந்திய இரவே தெரிந்திருந்தது. "என்ன ஸார், அப்படி என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். "ஒருவனுடைய கையை இன்னொருவன் ஒடிக்கப் பார்க்கிறான்" என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். "இதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு அன்று உடனே விடை சொல்லத் தெரியவில்லை. இன்றைய உரையில் சொல்ல முயல்கிறோம்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில வார்த்தைகள். ஹ்யூ லாரி 1959இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். தந்தையார் மருத்துவர், 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இருவர் படகுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர். மகனும் படகோட்டி. 1980இல் ஆக்ஸ்போர்டுக்கு எதிரான புகழ்பெற்ற பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் படகில் இருந்தார். படகின் மூக்களவு தூரத்தில் கேம்பிரிட்ஜ் தோற்றது. அப்பால் அவர் மனம் நாடகத்தில் சென்றது. ஸ்டீபன் ஃப்ரை என்ற நண்பரோடு சேர்ந்து தொலைக்காட்சியில் ஹாஸ்ய நாடகங்கள் நடித்தார். 1990 முதல் 1993 வரை உட்ஹவுஸின் பெர்ட்டி வூஸ்டராக வந்து பெயர் பெற்றார். பின்னர் 2004 முதல் 2012 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஹவுஸ்' என்ற தொடரில் கடுகடுத்த மருத்துவராக நடித்து உலகப் புகழ் அடைந்தார். நாவல் வெளியானது இவ்விரண்டுக்கும் இடையே, 1996இல்.

அந்த நாவலைப் பிரசுரத்திற்கு அனுப்பியபோது அவர் தம் பெயரை இடவில்லை; புனைபெயர் ஒன்றை இட்டே அனுப்பினார். பிரதி ஏற்கப்பட்ட பின்னரே, பதிப்பாளர் வற்புறுத்தலுக்கு இணங்கித் தம் பெயரை அட்டையில் அச்சிடச் சம்மதித்தார். நம் தமிழ் எழுத்தாளர் பலர் புனைபெயரால் புகழ் அடைந்தார்கள். இவரோ அடைந்த புகழை மறைத்துக்கொள்ளப் புனைபெயர் தேடினார். முகம் காட்டிப் பிழைப்பவர் ஒருவர், முகம் தெரியாத இடத்தில் தம் எழுத்து நிற்குமா என்று பார்க்க விரும்பியிருக்கிறார். நமது ஐயம் அவருக்கும் இருந்திருக்கிறது என்று அறிந்தபோது, தரியாகஞ்சில் தயங்கியதற்காகச் சற்று வெட்கப்பட்டோம்.

இனி, கதை. கதாநாயகன் பெயர் தாமஸ் லாங். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவில் காப்டனாக இருந்து வெளியேறியவன். நிரந்தர உத்தியோகம் இல்லை. உடல் வலிமைக்கும் வாய்த் துடுக்குக்கும் குறைவில்லை. வாய்த் துடுக்கே பல இடங்களில் உடலுக்கு ஆபத்தைக் கொண்டு வருகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரில் முன்பின் அறியாத ஒருவர் அவனை அணுகி, பெருந்தொகை தருவதாகச் சொல்லி, ஓர் அமெரிக்க வியாபாரியைக் கொல்ல வேண்டும் என்கிறார். லாங் மறுக்கிறான். மறுத்ததோடு நில்லாமல், கொல்லப்பட இருப்பவரை எச்சரிக்கலாம் என்று லண்டனில் அவர் வீட்டுக்கே போகிறான். அங்கே ஒரு தடியன் அவன் கையைப் பின்புறமாக முறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். நாவல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஆனால் அது தொடங்கும் விதமே வேறு. நீங்கள் ஒருவருடைய கையை ஒடிக்க நேர்ந்தால் எப்படி ஒடிப்பீர்கள் என்று வாசகரை நோக்கி ஒரு கேள்வி. விரைவாகவா, மெதுவாகவா? இரக்கமுள்ளவர் விரைவாக முடித்துவிடுவாரன்றோ? இப்படி நீதிநூல் விளக்கம் போல் அமைதியாகப் பேசிக்கொண்டே போய், கடைசியில், நாம் இதுவரை ஆராய்ந்துகொண்டிருந்த கை தன்னுடையதுதான் என்று சொல்கிறான். கான்பூர்ப் பெரியவரிடம் நாம் சொல்லத் தவறியது இதைத்தான். கை ஒடிவதில் சிரிப்பு இல்லை. ஒடியப்போகும் கைக்கு உடையவன், அந்தக் கணத்தில் அஞ்சி அலறாமல், பிறர் காரியத்தைப் போல் அதை எட்ட நின்று பார்க்கிறானே, அதில் இருக்கிறது. அச்சம் அவனுக்கு இல்லாமல் இல்லை. அச்சத்தின் மீது அவன் போர்த்திக்கொள்ளும் போர்வைதான் அந்தப் பேச்சு.

இந்தக் குரலை உட்ஹவுஸிடம் கற்றுக்கொண்டார் என்று கருத இடமுண்டு. பெர்ட்டி வூஸ்டராக நடித்தவர் அல்லவா? உட்ஹவுஸ் எழுத்துக்குத் தாம் பட்டிருக்கும் கடனை லாரியே ஒரு கட்டுரையில் மிகுந்த நன்றியோடு எழுதியிருக்கிறார். எனினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வூஸ்டருக்கு நேரக்கூடிய உச்சமான ஆபத்து, வேண்டாத பெண்ணோடு விவாக நிச்சயம். தாமஸ் லாங் தப்படி வைத்தால் உயிர் போகும். அந்தக் குரலை எடுத்து இந்த இடத்தில் வைத்தபோது, வேடிக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் சேர்ந்துகொண்டது.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 59ஆவது. ஐயப்பட முடியாத தோற்றம், எதிரே நின்று நோக்கினும் அஞ்சாத கண், என்ன நேரினும் மனத்தில் உள்ளதை வெளிவிடாத வாய் ஆகியவற்றை ஒற்றனுக்கு இலக்கணமாக வள்ளுவர் வகுத்திருக்கிறார். லாங்கை இந்த அளவுகோலில் வைத்தால் மூன்றிலும் தேறமாட்டான். தோற்றம் எங்கும் எடுபடும், கண் அஞ்சும், வாயோ மூடுவதே இல்லை. ஆனால் ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறதே, அதை அவன் தன் அனுபவத்தில் அறிந்துகொள்கிறான். இந்த நாவலில் எவர் சொல்லும் செய்தியும் முதல் தடவை உண்மையாக இருப்பதில்லை.

வேடிக்கையான ஒற்றர் கதை ஆங்கிலத்தில் பழைய சரக்குத்தான். முதல் உலகப் போரில் உளவுப் பணி செய்த காம்ப்டன் மெக்கென்ஸி, அந்த நினைவுகளை 1932இல் நூலாக வெளியிட்டார். இரகசியத்தை வெளியிட்டார் என்று வழக்குத் தொடுத்து 100 பவுன் அபராதம் விதித்தார்கள். அவர் 1933இல் உளவு இலாகாவைப் பரிகசித்து ஒரு நாவலே எழுதிப் பழிதீர்த்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் உளவுத் துறையில் இருந்த கிரஹாம் கிரீன், 1958இல் வெளியான தம் நாவலில், தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்கும் ஏழை வியாபாரி ஒருவனை ஹவானா நகரில் ஒற்றனாக்கினார். அவன் அனுப்பிய இயந்திரத்தின் படங்களை லண்டன் அதிகாரிகள் பயங்கர ஆயுதம் என்று நம்பிவிடுகிறார்கள். இவர்கள் எல்லாரும் உண்மை ஒற்றர்களாக இருந்து சலித்துப் போனவர்கள். லாரிக்கு அந்த அனுபவம் இல்லை. இருந்தது நடிப்பு. ஒற்றுக்கு அதைக் காட்டிலும் நெருங்கிய தொழில் வேறில்லை என்பது நம் கருத்து.

ஆயுத வியாபாரிக்கு வருவோம். ஸர் பாஸில் ஸாஹரோஃப் என்று ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தார். கிரேக்க நாட்டுக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பலை விற்றார். விற்ற கையோடு, அதனை எடுத்துக்காட்டி, பகை நாடான துருக்கிக்கு இரண்டை விற்றார். சரக்கை விற்பதற்குச் சரக்கே விளம்பரம். பெர்னார்ட் ஷா 1905இல் மேடையேற்றிய 'மேஜர் பார்பரா' நாடகத்தில் பீரங்கி முதலாளி ஒருவரைக் கொணர்ந்து, சபையோரைச் சிரிக்க வைத்தே சங்கடப்படுத்தினார். லாரியின் நாவலில் அந்தப் பரம்பரையின் புதிய வாரிசு வருகிறார். அவரைச் சூழ்ந்து அமெரிக்க உளவு அதிகாரிகளும், ஒன்றும் அறியாதவர்கள் போல் நிற்கும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

அவர்களிடம் ஒரு புதிய ஹெலிகாப்டர் இருக்கிறது. நகர்ப்புறத்தில் கலகங்களை அடக்குவதற்கென்றே செய்தது. அதன் நீண்ட பெயரின் ஆங்கிலச் சுருக்கம், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தின் பெயர்ச் சுருக்கமாகவே அமைந்துவிடுகிறது. அதை ஒட்டித் திட்டத்துக்குப் 'பட்டமேற்படிப்பு' என்று மறைபெயர். சரக்கு தயார்; வாங்குவாரைக் காணோம். பெர்லின் சுவர் 1989இல் வீழ்ந்தது. சோவியத் யூனியன் 1991இல் கலைந்தது. பகைவனே இல்லாதபோது எவன் ஆயுதம் வாங்குவான்? ஆயினும் அதே 1991இல் வளைகுடாப் போரை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. ஏவுகணைகள் சென்று தாக்குவதை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து மக்கள் கண்டார்கள். வியாபாரிகளும் கண்டார்கள். நாவலில் வரும் கூட்டத்தின் திட்டம் அங்கிருந்து பிறக்கிறது: பயங்கரவாதக் குழு ஒன்று எங்கேனும் ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், உலகம் பார்த்துக்கொண்டிருக்க, ஹெலிகாப்டர் வந்து அவர்களை அழிக்க வேண்டும், மறுநாள் முதல் விற்பனை நடக்கும். அந்தக் குழுவுக்குள் நுழைந்து, காரியம் தவறாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. லாங்கை அச்சுறுத்தி அந்த வேலைக்குள் தள்ளுகிறார்கள்.

நாகபுரி கடந்த பிற்பகலில் கதையை இதுவரை பெரியவருக்குச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கள் தொழிற்சாலையிலும் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புவோம். மணல் மேட்டைப் பார்த்துச் சுடுவார்கள். எத்தனை குண்டு செலவு என்று நான் கணக்கு எழுதுவேன். மணல் மேட்டுக்கு அம்மா அப்பா கிடையாது, ஸார்."

நாவலின் பிற்பகுதி முழுவதும் இந்த மணல் மேட்டைப் பற்றியதுதான். லாங், அமெரிக்காவில் மின்னஸோட்டா மாநிலத்து ரிக்கி என்ற ஆளாக வேஷம் பூண்டு குழுவில் சேர்கிறான். அதில் இருப்பவர்கள் பல தேசத்து இளைஞர்கள், பெண்ணொருத்தி உட்பட. ஏதோ நியாயத்துக்காகப் போராடுவதாக நம்புகிறவர்கள். சேர்ந்து சமைக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ம்யூரன் என்ற பனிமலை ஊரில் ஓர் அரசியல்வாதியைச் சுடும் வேலை லாங்குக்கே வந்து சேர்கிறது. அப்பால் மொராக்கோவில் காஸாபிளாங்கா நகரின் அமெரிக்கத் தூதரக அலுவலகம். தன்னோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கும் இவர்கள் ஒரு விளம்பரத்துக்காகக் குறிக்கப்பட்ட இலக்குகள் என்பது குழுவில் அவன் ஒருவனுக்குத்தான் முழுமையாகத் தெரியும். அவர்களைக் காட்டிக்கொடுக்க வந்தவன், அவர்களில் சிலரை நேசிக்கத் தொடங்கிவிடுகிறான். இந்தப் பக்கங்களில் அவனுடைய வேடிக்கைப் பேச்சு மெலிந்து, சில இடங்களில் அறவே நின்றுவிடுகிறது. இருநூறு பக்கம் ஓயாது பேசிய குரல் நிற்கும்போதுதான் வாசகர் திடுக்கிடுகிறார். முடிவைச் சொல்லப்போவதில்லை, படிக்க எண்ணும் நேயர்கள் நம்மைச் சபிக்கக்கூடும்.

இது வெறும் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை. நாவல் வெளிவந்த அதே 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரிட்டனில் நீதிபதி ஸ்காட் ஐந்து தொகுதிகள் கொண்ட விசாரணை அறிக்கையை வெளியிட்டார். இராக்குக்கு ஆயுத உற்பத்திக்கு உதவும் இயந்திரங்களை விற்றதாக ஒரு கம்பெனியின் நிர்வாகிகள் மீது தொடர்ந்த வழக்கு 1992இல் பாதியிலேயே சரிந்தது. அந்த விற்பனை சர்க்கார் வட்டாரங்களுக்குத் தெரிந்தே நடந்தது என்பது வெளிவந்ததே காரணம். அதையொட்டி எழுந்த விசாரணை அது. நாவலில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தம் விரல் நகங்களை ஆராய்ந்துகொண்டே பேசுவதைப் போன்ற காட்சிகள் அன்று அந்நாட்டு வாசகருக்குச் செய்தித்தாள் போலவே தோன்றியிருக்கும். நம் நாட்டிலும் ஒரு பீரங்கிக் கொள்முதல் 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின் முக்கியப் பேச்சாக இருந்ததை முதிய நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தில்லியில் டெண்டர் கோப்புகளோடு காலம் கழிக்கும் நம்மவர்கள், இந்த நாவலின் இலாகா சம்பாஷணைகளைப் பிறரைவிட ஒரு பங்கு அதிகமாக ரசிப்பார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். உவமைகள் மிகுதி. மூன்று நல்ல உவமைகளுக்கு இடையே இரண்டு அவசியமற்றவை புகுந்துவிடுகின்றன. நாடக மேடையில் கைதட்டல் கேட்டுப் பழகியவர் எழுத்திலும் அதை எதிர்பார்த்துவிட்டார். பெண் பாத்திரங்களை வருணிக்கும்போது முதலில் அழகு. பிறகு, இடமிருந்தால், அறிவு. மேலும், நடுப்பகுதியில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது நமக்கே ஒரு கட்டத்தில் குழம்பிவிட்டது; இட்டார்ஸியில் தேநீர் குடித்துவிட்டு இருபது பக்கம் பின்னோக்கிப் புரட்ட நேர்ந்தது. 2001 செப்டம்பருக்குப் பின் படிக்கிறவருக்குச் சில வேடிக்கைகள் எழுதியவர் எண்ணியதைவிடக் கசப்பாகவே இருக்கும். அதற்கு அவர் பொறுப்பாளியல்லர்.

இந்த நாவலுக்குப் பின் நடந்தவைதாம் விந்தை. லாங், ரிக்கியாக வேஷம் பூண்டபோது அமெரிக்கப் பேச்சைப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் சென்று, லாரி நமீபியாவில் ஒரு படப்பிடிப்பில் இருந்தபோது, 'ஹவுஸ்' தொடருக்காகத் தம் நடிப்பை ஓட்டல் குளியலறையில் படம்பிடித்து அனுப்பினார். அதைக் கண்ட தயாரிப்பாளர் அவரை அசல் அமெரிக்கர் என்றே எண்ணிவிட்டாராம். அடுத்த எட்டு ஆண்டுகள் அவருக்கு ரிக்கியின் வாழ்க்கைதான். உயிருக்கு ஆபத்து இல்லை என்பதே வேறுபாடு.

மற்றொன்று இன்னும் விந்தையானது. ஜான் லெ காரே எழுதிய 'தி நைட் மானேஜர்' 1993இல் வெளியானது. ஆயுத வியாபாரி ஒருவனின் கோட்டைக்குள் நுழையும் ஒற்றன் கதை. அதைப் படித்த லாரி, படமாக்கும் உரிமையை வாங்க முயன்றார். அந்த ஒற்றனாகத் தாமே நடிக்க விரும்பினார். உரிமை கிட்டவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துத் தம்முடைய சொந்த ஒற்றனையும் சொந்த ஆயுத வியாபாரியையும் நாவலில் படைத்தார். இந்த இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டென்று நாம் சொல்லவில்லை. அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறோம். 2016இல் லெ காரேயின் கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது லாரிக்கு வேஷம் கிடைத்தது, ஆனால் ஒற்றனாக அல்ல, ஆயுத வியாபாரியாக. புன்னகை மாறாமல், இனிய குரலில், மரணத்தை விலை பேசும் அந்த மனிதனாக அவர் நடித்தது மிகவும் பாராட்டப்பெற்றது. அதே கதை 2023இல் ஹிந்தியில் வந்தபோது அந்தப் பாத்திரத்தை அனில் கபூர் ஏற்றார் என்பதைப் பம்பாய் நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வாரங்கல் அருகே புத்தகத்தை முடித்து மூடினோம். பெரியவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டு மேல் தட்டில் ஏறிப் படுத்தோம். விஜயவாடா கடந்து நெடுநேரம் ஆனபின், எல்லாரும் உறங்கிய அந்தப் பெட்டியில், கீழ்த் தட்டிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுந்தது. அடுத்த கணமே அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

காலையில் சென்னை சென்ட்ரலில் இறங்கும்போது புத்தகத்தைத் திருப்பி நீட்டினார். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. இரயில் சீட்டை அடையாளமாக உள்ளே வைத்திருந்தார். "அந்தப் பிள்ளைகள் பிழைக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்ல மனம் வரவில்லை. புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம். இந்த உரைக்காக வேறொரு பிரதி தேட வேண்டியதாயிற்று.